ஆறு சோத்கா நிலம்

ரஷ்ய மொழியில் 'சோத்கா' என்று ஒரு நில அளவு உண்டு. ஒரு ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு, அதாவது 100 சதுர மீட்டர். 'ஆறு சோத்கா' என்று சொன்னால் நடுவயது தாண்டிய எந்த ரஷ்யருக்கும் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. நகரத்துக்கு வெளியே, மின்சார ரயிலில் ஒன்றிரண்டு மணி நேரத் தொலைவில், அரசு ஒதுக்கிய 600 சதுர மீட்டர். அதில் ஒரு சின்ன மர வீடு. மிச்ச இடமெல்லாம் உருளைக்கிழங்கு, வெங்காயம், வெள்ளரி, இரண்டு ஆப்பிள் மரம். நம் கணக்கில் பதினைந்து சென்டுக்குக் கொஞ்சம் குறைவு. சென்னைக்காரர்கள் கேட்டால் ஏறக்குறைய இரண்டே முக்கால் கிரவுண்டு.

நம் ஊரில் வீட்டுத் தோட்டம் பற்றிப் பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் 'தற்சார்பு' என்ற சொல் வந்துவிடுகிறது. மாடியில் நான்கு பைகளில் கத்தரிச்செடி வைத்தவரும் சந்தையிடமிருந்தும் அரசிடமிருந்தும் விடுதலை பெற்றதாகப் பேசுகிறார். எனக்கு அதில் கேலி ஒன்றுமில்லை, காய் நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒரு நாடே இப்படிச் சொந்தக் கையால் தோண்டிச் சாப்பிட்ட வரலாறு இருபதாம் நூற்றாண்டில் இருக்கிறது. அதுவும், சொந்த நிலம் என்பதே கூடாது என்று சொன்ன நாட்டில். அந்தத் தோட்டங்கள் யாரை யாரிடமிருந்து விடுவித்தன என்ற கேள்வியோடுதான் சோவியத் வீட்டுத் தோட்டங்களைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில் அவ்வளவு இனிப்பாக இல்லை.

கதை ஒரு பசுவில் தொடங்குகிறது.

1929 இறுதியில் ஸ்டாலின் அரசு கிராமங்களைக் கூட்டுப் பண்ணைகளாக மாற்றத் தொடங்கியது. நிலம், குதிரை, கலப்பை எல்லாம் பொதுவுக்குப் போயின. பல இடங்களில் உள்ளூர் அதிகாரிகள் உற்சாகத்தில் வீட்டுப் பசுவையும் கோழியையும்கூட ஓட்டிக்கொண்டு போனார்கள். குதிரை போனபோது ஆண்கள் முணுமுணுத்தார்கள். பசு போனபோது பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். குழந்தைக்குப் பால் அந்தப் பசுவிடம்தானே இருக்கிறது? 1930இன் முதல் மாதங்களில் ஊர் ஊராக நடந்த இந்தக் கலவரங்களுக்கு 'பெண்களின் கலகம்' என்றே பெயர். ஆண்கள் முன்னே நின்றால் சுடுவார்கள், பெண்கள் என்றால் கொஞ்சம் தயங்குவார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது. அரசு பின்வாங்கியது. மார்ச் 2 அன்று பிராவ்தாவில் ஸ்டாலின் ஒரு கட்டுரை எழுதி, வெற்றி மயக்கத்தில் எல்லை மீறிவிட்டதாகப் பழியைக் கீழ்மட்ட ஊழியர்கள் தலையில் போட்டார். வீட்டை ஒட்டிய தோட்டமும் ஒரு பசுவும் குடும்பத்துக்கே என்றானது இப்படித்தான்.

பிறகு 1932-33 பஞ்சம் வந்து ஆயிரக்கணக்கில் அல்ல, பல லட்சக்கணக்கில் எண்ணவேண்டிய சாவு விழுந்தது. அதற்குப் பின், 1935 பிப்ரவரியில், கூட்டுப் பண்ணைகளுக்கான மாதிரி விதிகள் வெளியாயின. ஒரு குடும்பத்துக்குப் பொதுவாகக் கால் முதல் அரை ஹெக்டேர் வரை தோட்டம். ஒரு பசு, இரண்டு கன்று, குட்டியோடு ஒரு பெண் பன்றி, பத்து ஆடு. கோழிக்கும் முயலுக்கும் உச்சவரம்பு இல்லை. தேன்பெட்டிகள் இருபது வரை. இவ்வளவு துல்லியமாகக் கோழியையும் தேனீயையும் பற்றி ஓர் அரசியல் கட்சி உட்கார்ந்து விவாதித்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அதன் பின்னால் இருந்த கணக்கு சிரிப்புக்குரியதல்ல.

கூட்டுப் பண்ணையில் வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. 'உழைப்பு நாள்' என்றொரு அலகு இருந்தது. அது நாளும் அல்ல, மணியும் அல்ல. காவல்காரரின் ஒரு நாளுக்கு அரை உழைப்பு நாள், திறன் வேண்டிய வேலையில் ஒரு நாளுக்கு இரண்டு என்று வேலைக்கேற்பப் புள்ளி போடுவார்கள். (என் தொழிலில் இருப்பவர்களுக்கு ஸ்டோரி பாயின்ட் நினைவுக்கு வந்தால் அது என் தப்பில்லை.) ஆண்டு முடிவில் அரசுக்குரிய தானியத்தை அளந்து, டிராக்டர் நிலையத்துக்குரியதைக் கொடுத்து, விதைக்கு எடுத்துவைத்த பிறகு மிஞ்சுவதை அந்தப் புள்ளிகளால் வகுத்துக் கொடுப்பார்கள். பல பண்ணைகளில் மிஞ்சியது ஒன்றுமில்லை. சோல்செனிட்சினின் 'மாத்ரியோனாவின் வீடு' படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்: அந்தக் கிழவி இருபத்தைந்து ஆண்டுகள் பண்ணையில் உழைத்தது பணத்துக்கு அல்ல, கணக்குப் புத்தகத்தில் போடும் கோடுகளுக்கு. அவள் சாப்பிட்டது தன் மணல் தோட்டத்தில் விளைந்த சின்னச் சின்ன உருளைக்கிழங்கை.

இங்கேதான் தோட்டத்தின் உண்மையான வேலை தெரிகிறது. சம்பளம் கொடுக்காமல் ஓர் ஆளிடம் ஆண்டு முழுவதும் வேலை வாங்க வேண்டுமென்றால், அவர் சாகாமல் இருக்க வேறொரு வழி வேண்டும். தோட்டம் அந்த வழி. அரசு கொடுக்காத கூலியைக் குடும்பம், குறிப்பாகக் குடும்பத்துப் பெண்கள், பண்ணை வேலை முடிந்த பிறகு மாலை வெளிச்சத்தில் தாங்களே தோண்டி எடுத்துக்கொண்டார்கள். கொடுத்தது போலவும் ஆயிற்று, கொடுக்காமலும் ஆயிற்று.

1939 மே மாதம் முடிச்சு இன்னும் இறுகியது. ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 60 முதல் 100 உழைப்பு நாள் (பகுதியைப் பொறுத்து) பண்ணைக்குக் கொடுத்தாக வேண்டும். தவறினால் பண்ணை உறுப்பினர் தகுதி போகும், அதோடு தோட்டமும் போகும். தோட்டங்களை அளந்து, வரம்பு மீறியதை வெட்டி எடுத்தார்கள். தோட்டம் ஒரு சலுகை மட்டுமல்ல, பிணைப் பொருளும்கூட. கிராமத்தாருக்கு உள்நாட்டுக் கடவுச்சீட்டும் கிடையாது. அது அவர்களுக்கு உரிமையாக வந்தது 1974 தீர்மானத்துக்குப் பிறகுதான். ஊரை விட்டுப் போக முடியாது, இருந்தால் கூலி இல்லை, தோட்டம் வேண்டுமென்றால் கூலியில்லா வேலைக்கு வரவேண்டும். கட்சியின் பெயர்ச் சுருக்கத்தை 'இரண்டாம் பண்ணையடிமை முறை' என்று விரித்துக் கிராமத்தார் ரகசியமாகக் கேலி செய்தார்கள். ரஷ்ய மொழியில் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது.

இதற்கு மேல் வரியும் உண்டு. பசு இருந்தால் பால், இறைச்சி, கோழி முட்டை, உருளைக்கிழங்கு என்று வீட்டுத் தோட்டமும் அரசுக்கு அளக்க வேண்டும். பசு, ஆடு, காய்கறிப் பாத்தி, பழமரம் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு வருமானம் வரும் என்று அரசே ஓர் எண்ணை வைத்து, அந்த எண்ணுக்கு வரி போட்டது. காய்த்ததா, உறைபனியில் பூ கருகியதா என்பது அதிகாரிக்கு விஷயமில்லை. விளைவு, மக்கள் மரத்தை வெட்டினார்கள். குருஷேவ் தன் நினைவுக் குறிப்புகளில் இதைச் சொல்கிறார். போருக்குப் பின் கிராமத்தில் இருந்த உறவுக்காரப் பெண்ணைப் பார்க்கப் போகிறார். ஆப்பிள் மரங்களுக்கு வரி கட்டி முடியாது, வெட்டத்தான் வேண்டும் என்கிறாள் அவள். இவர் போய் ஸ்டாலினிடம் சொல்ல, அவர் இவரைப் பழைய விவசாயிப் பாசக்காரன் என்ற ரீதியில் திட்டியதுதான் மிச்சம்.

1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். அதே ஆகஸ்டில் மாலென்கோவ் அந்த வரியைப் பாதியளவுக்குக் குறைத்தார், பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்தார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு மாற்றம்: இனி வரி மரத்துக்கோ மாட்டுக்கோ இல்லை, நிலத்தின் பரப்பளவுக்கு மட்டும். ஒரே வரித் திருத்தம்தான். ஆனால் அதன் பிறகு இன்னொரு ஆப்பிள் கன்று நட்டால் வரி ஏறாது.

*

கிராமத்துக் கதை இது. நகரத்துக்காரர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்தது போர்.

லெனின்கிராட் முற்றுகை 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை. அந்த முதல் குளிர்காலத்தில், நவம்பர் 20 முதல் ஐந்து வாரங்கள், குழந்தைகளுக்கும் உடலுழைப்பு இல்லாதவர்களுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அதிலும் பாதி மாவு இல்லை. 1942 வசந்தத்தில் பனி உருகியதும், பிழைத்தவர்கள் நகரத்தின் பூங்காக்களைக் கொத்தினார்கள். மார்ஸ் மைதானம், கோடைப் பூங்கா எல்லாம் பாத்திகளாயின. ஒரு புகைப்படம் இருக்கிறது: புனித ஐசக் பேராலயத்தின் பிரம்மாண்டமான தூண்களுக்கு முன்னால் வரிசை வரிசையாக முட்டைக்கோஸ். தாவரவியல் அறிஞர்கள் எந்தக் களைகளைச் சமைத்துச் சாப்பிடலாம் என்று சிறுநூல் போட்டார்கள்.

அந்த முட்டைக்கோஸ் பாத்திகள் இருந்த அதே சதுக்கத்தில்தான் நிகோலாய் வவிலோவ் நடத்திய தாவர நிறுவனம் இருந்தது. உலகம் முழுக்க அலைந்து பயிர்களின் பிறப்பிடங்களை வரைபடமாக்கியவர் வவிலோவ். நம் கத்தரியையும் வெள்ளரியையும் இந்திய மையத்தில் வைத்தவர் அவர்தான். அவருடைய சேகரிப்பில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் இருந்தன. முற்றுகையின்போது அவர் அங்கே இல்லை. 1940 ஆகஸ்டிலேயே கைது செய்துவிட்டார்கள். அவரோடு வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆப்ராம் கமெராஸ், ஓல்கா வோஸ்கிரெசென்ஸ்கயா இருவரும் குண்டு விழும் நேரத்தில் பாவ்லோவ்ஸ்க் வயலில் இருந்து உருளைக்கிழங்கு ரகங்களைத் தோண்டி நகரத்துக்குள் கொண்டுவந்தார்கள். அந்தக் கிழங்கு உறையாமல் இருக்க நிலவறையில் கிடைத்ததையெல்லாம் எரித்தார்கள். நிலக்கடலை வல்லுநர் அலெக்சாந்தர் ஷூக்கின் மேசையிலேயே இறந்தார். அரிசி வல்லுநர் திமித்ரி இவானோவ் பசியால் இறந்தபோது அவர் பாதுகாத்த அரிசிப் பொட்டலங்கள் ஆயிரக்கணக்கில் அப்படியே இருந்தன. பட்டினியை ஒழிக்கக் கிளம்பிய வவிலோவ் 1943 ஜனவரி 26 அன்று சரதோவ் சிறையில் பட்டினியால் உருக்குலைந்து செத்தார்.

அதே 1943இல், வவிலோவின் வீழ்ச்சிக்குப் பின்னால் நின்ற லைசென்கோவுக்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது. எதற்கு என்றால், உருளைக்கிழங்கின் நுனியை மட்டும் வெட்டி விதைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் முறையைப் பரப்பியதற்காக! முறை தவறென்று சொல்ல மாட்டேன். கண் இருக்கும் தோலை நட்டாலே கிழங்கு முளைக்கும். பசியோடு இருந்த எத்தனையோ வீடுகளில் அதை யாரும் சொல்லித்தராமலே செய்தார்கள். ஆனால் அதற்குப் பரிசு வாங்கியவர் யார், அந்நேரம் கிழங்கு ரகங்களைத் தன் உடல் சூட்டைவிடப் பெரிதாக நினைத்துக் காத்தவர்கள் யார் என்று யோசித்தால் மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

1942 ஏப்ரல் 7 தீர்மானம் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் காலி நிலத்தைப் பிரித்துக் கொடுத்தது. போர் முடிவதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட நகரவாசிகள் காய்கறி பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். தானியம் ராணுவத்துக்குப் போயிற்று. நீங்களே விளைத்துக்கொள்ளுங்கள் என்பதே தொழிலாளிக்குக் கிடைத்த பங்கீடு. கிராமத்தில் பழகிய ஏற்பாடு இப்போது நகரத்துக்கும் வந்துவிட்டது. எங்கள் துறையில் முதன்மை அமைப்பு விழும்போது பின்னால் ஓடுகிற மாற்று அமைப்பு ஒன்று இருக்கும். அது நன்றாக ஓடுகிற வரை முதன்மை அமைப்பை யாரும் சரிசெய்ய மாட்டார்கள்.

1949 பிப்ரவரி 24 அன்று வந்த அரசாணை இதை நிரந்தரமாக்கியது. தொழிலாளர் கூட்டுத் தோட்டங்களுக்கு நகர எல்லைக்குள் ஆளுக்கு 600 சதுர மீட்டர் வரை, வெளியே 1,200 வரை. பின்னாட்களில் ஆறு சோத்கா என்பதே பேச்சு வழக்கில் நிலைத்தது. ஒதுக்கியது பெரும்பாலும் சதுப்பு, புதர்க்காடு, மணல்மேடு. பண்ணைக்கு உதவாத இடம். விதிகளோ ஏராளம். வீடு ஒரு தளம்தான், 25 சதுர மீட்டருக்குள்தான், குளிர்காய அடுப்பு கூடாது. அடுப்பு இருந்தால் ஆள் குளிர்காலத்திலும் தங்கிவிடுவார், தங்கிவிட்டால் அது சொந்த வீடு. 1980களில்தான் இவை தளர்ந்தன.

அதற்குள் ஒரு முழு நாகரிகம் வளர்ந்திருந்தது. பிப்ரவரி மார்ச்சிலேயே அடுக்குமாடி வீடுகளின் சன்னல் விளிம்பில், வெட்டிய பால் அட்டைப் பெட்டிகளில், தக்காளி நாற்று எழும். மே மாத விடுமுறை ஓய்வுக்கு அல்ல, உருளைக்கிழங்கு நடவுக்கு. வெள்ளி மாலை மின்சார ரயிலில் வாளியும் நாற்றும் பூனையும் ஏறும். கோடையில் கொலராடோ வண்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாவில் போடவேண்டும்; அந்த வேலை பிள்ளைகள் தலையில். ஆகஸ்ட் செப்டம்பரில் மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடிகளில் வெள்ளரி ஊறுகாய், சதகுப்பைத் தழையும் பூண்டும் போட்டு. நாலைந்து மாதச் சூட்டில் விளைந்ததை ஏழெட்டு மாதக் குளிருக்கு நீட்டிக்கிற வித்தை. நம் பாட்டிமார் வற்றல் போடுவதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான், ஆனால் நமக்கு வெயில் இலவசம். தோட்டத்தில் குனிந்து வேலை செய்தவர்களில் பலர் கிராமத்திலிருந்து தப்பி நகரத்துக்கு வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். பண்ணையை விட்டு ஓடியவர்கள் வார இறுதியில் விரும்பியே மண்ணைத் தேடிப் போனார்கள். அது கட்டாயமா, ஆசையா? இரண்டையும் பிரிக்க முடியாதபடிதான் அந்த வாழ்க்கை இருந்தது என்று நினைக்கிறேன். கடையில் நல்ல தக்காளி இல்லை என்பதும் உண்மை, தன் கையால் பறித்த தக்காளி ருசி என்பதும் உண்மை.

'தாச்சா' என்ற சொல்லுக்கு மூலப்பொருள் 'கொடுக்கப்பட்டது'. ஜார் காலத்தில் மன்னர் பிரபுக்களுக்குக் கொடுத்த நிலம். செகாவின் 'செர்ரித் தோட்டம்' நாடகத்தில் லோபாகின் பழமரங்களை வெட்டி நிலத்தை மனை மனையாகத் தாச்சாக்காரர்களுக்கு விடச் சொல்கிறானே, அது நடுத்தர வர்க்கத்தின் ஓய்வு வீடு. அவருடைய 'கூஸ்பெர்ரி' கதையில் ஒரு குமாஸ்தா சொந்தத் தோட்டத்தில் கூஸ்பெர்ரி பறிக்கும் கனவுக்காக வாழ்க்கையையே கஞ்சத்தனமாகக் கழிக்கிறான். (அதை நெல்லிக்காய் என்று தமிழில் போட்டால் நமக்கு வேறு மரம் கண்ணில் வரும், அது முள் புதர்.) அந்தக் குமாஸ்தாவின் தோட்டம் ஒரு ஆடம்பரம். ஐம்பது ஆண்டு கழித்து அதே ஆசையை அரசே லட்சக்கணக்கானவர்களுக்கு அளந்து கொடுத்தபோது, புதரோடு உருளைக்கிழங்குச் சாலும் சேர்ந்தே வந்தது.

*

பனிப்போர்க் காலத்தில் மேற்கத்தியப் பொருளியலாளர்களுக்கு ஒரு புள்ளிவிவரம் வெல்லக்கட்டி: சோவியத் விளைநிலத்தில் சுமார் 3 விழுக்காடு மட்டுமே உள்ள வீட்டுத் தோட்டங்கள் மொத்த வேளாண் உற்பத்தி மதிப்பில் கால்பங்கு அளவுக்குத் தருகின்றன. பார்த்தீர்களா, தனியுடைமையின் மகிமை! கணக்குத் தப்பில்லை, முடிவுதான் அவசரம். தோட்டத்துப் பசு மேய்ந்தது பண்ணைப் புல்வெளியில். பன்றி தின்றது பண்ணையிலிருந்து வந்த தானியம், சில சமயம் இரவில் வந்த தானியம். பண்ணை விளைத்தது கோதுமை; தோட்டம் தந்தது பாலும் முட்டையும் வெள்ளரியும், அதாவது விலை கூடிய சரக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த விளைச்சலுக்குள் போன மனித நேரத்துக்கு யாரும் விலை போடவில்லை. ஒரு கிலோ உருளைக்கிழங்குக்குப் பின்னால் எத்தனை மணி நேரக் குனிவு என்று எண்ணினால், தனியுடைமையின் மகிமையைவிட முதுகுவலியின் மகிமைதான் அதிகம்.

மறுபக்கம் குருஷேவ் போன்றவர்களுக்குத் தோட்டம் பழைய உலகத்தின் மிச்சம். வரியால் வாடியவர்களுக்காக ஸ்டாலினிடம் பேசிய அதே மனிதர், ஆட்சிக்கு வந்த சில ஆண்டுகளில் பசுக்களைப் பண்ணைக்கு விற்றுவிடச் சொல்லி இயக்கம் நடத்தினார். தன் சொந்த ஊரான கலினோவ்காவை அதற்கு முன்மாதிரியாகக் காட்டினார். பாலும் இறைச்சியும் இன்னும் குறைந்தன. 1964 அக்டோபரில் அவர் பதவி போனதும் புதிய தலைமை முதலில் செய்த காரியங்களில் ஒன்று, அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கியது. பண்ணைக்காரர்களுக்கு உறுதியான மாதச் சம்பளம் வந்தது 1966இல். கூட்டுப் பண்ணைகள் தொடங்கி முப்பத்தாறு ஆண்டுகள்!

சம்பளம் வந்துவிட்டதே, இனித் தோட்டம் ஆசைக்கு மட்டும்தானே என்று நினைத்தால், 1992 வந்தது. ஜனவரி 2 அன்று விலைக் கட்டுப்பாடுகள் நீங்கின. சேமிப்பு சில மாதங்களில் காகிதமானது. ஆசிரியர்களுக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. சில தொழிற்சாலைகள் சம்பளத்துக்குப் பதில் தங்கள் சரக்கையே கொடுத்தன. பண்ணையில் கோடு போட்ட காலம் வேறு உடையில் திரும்பி வந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ரஷ்யா விளைத்த உருளைக்கிழங்கில் 90 விழுக்காட்டை ஒட்டிய பங்கு வீட்டுத் தோட்டங்களிலிருந்து வந்தது. பொதுவுடைமை போய்ச் சந்தை வந்த பிறகு நிகழ்ந்த எண் இது. அந்தச் சீர்திருத்தம் பசிக் கலவரம் இல்லாமல் நடந்ததைச் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தப் பெருமையில் எவ்வளவு பங்கு ஆறு சோத்காவில் குனிந்திருந்த ஓய்வூதியக்காரப் பெண்களுடையது என்று அவர்கள் சொல்வதில்லை.

2000க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறிச் சம்பளம் ஒழுங்காக வர ஆரம்பித்தது. நகரங்களில் பெரிய கடைகள் வந்தன. தாச்சாக்களில் முதலில் மறைந்தது உருளைக்கிழங்குச் சால். அந்த இடத்தில் புல்தரையும் இறைச்சி சுடும் அடுப்பும் வந்தன. வயதானவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒரு ஓரத்தில் இரண்டு வரி நட்டார்கள். ஆனால் ஸ்ட்ராபெரி போகவில்லை. கரன்ட் புதர் போகவில்லை. சதகுப்பையும் வெள்ளரியும், சன்னல் விளிம்பில் தக்காளி நாற்றும் இப்போதும் பல வீடுகளில் மார்ச் மாதம் தலைகாட்டுகின்றன.